இதயத் துடிப்பு மானி: மணிக்கட்டிலா, மேற்கையிலா, நெஞ்சிலா?

உடற்பயிற்சிக்காக இதயத் துடிப்பு மானி ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் விலையையும்தான். என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும்: பயிற்சியின்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? நடைப்பயிற்சியில் அது சீராக வீசிக்கொண்டிருக்கும். மிதிவண்டியில் கைப்பிடியைப் பற்றியபடி அதிர்ந்துகொண்டிருக்கும். எடைப் பயிற்சியில் மடங்கி, முறுக்கேறி, இரும்புத் தண்டை இறுகப் பிடித்திருக்கும். நீச்சலில் தண்ணீரை வாரிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் கட்டிய கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அதன் விலையைவிட இந்த அசைவே அதிகமாகத் தீர்மானிக்கிறது.

இதற்கான காரணம் கருவி வேலை செய்யும் முறையில் இருக்கிறது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை விளக்குகள் தோலுக்குள் ஒளியைச் செலுத்துகின்றன. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒருமுறை சுருங்கும்போது தோலடி நுண்குழாய்களில் இரத்தம் சற்றே பெருகுவதால் திரும்பி வரும் ஒளி சற்றே குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் மீண்டும் கூடுகிறது. விளக்குகளுக்கு நடுவிலுள்ள ஒளியுணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று சொல்கிறது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது மணிக்கட்டின் உட்புறத்துத் தமனியில். கடிகாரம் பார்ப்பதோ மணிக்கட்டின் வெளிப்புறத்தில், ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள மெல்லிய குழாய்களை. திரும்பி வரும் ஒளியில் துடிப்பினால் மாறுகின்ற பங்கு நூற்றில் ஒரு சிறு பகுதிதான். கை அசையும்போது தோலும் தசைநாண்களும் இரத்தமும் இடம் மாறுவதால் உண்டாகும் மாற்றம் இதைவிடப் பன்மடங்கு பெரியதாக இருக்கக்கூடும். ஆகவே கருவிக்குள் இருக்கும் மென்பொருளின் உண்மையான வேலை, துடிப்பை எண்ணுவதைக் காட்டிலும், பெரிய இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் சிறு ஒலியைப் பிரித்தெடுப்பதுதான்.

நெஞ்சுப்பட்டை முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. இதயத் தசை சுருங்குவதற்கு முன் எழும் மின்குறிப்பை, தோலோடு ஒட்டியிருக்கும் இரண்டு மின்முனைகள் வழியாக அது நேரடியாகப் பிடிக்கிறது. மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யின் எளிய வடிவம் என்று இதைச் சொல்லலாம். 1977இல் ஃபின்லாந்தில் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத துடிப்பு மானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பயன்படுத்தியதும் இந்த முறையைத்தான். மின்குறிப்பு ஒவ்வொரு துடிப்புக்கும் கூர்மையான ஒரு முனையாக எழுவதால், ஒளியலையின் மழுங்கிய மேடுகளைவிட அதை எண்ணுவது எளிது. கை எப்படி அசைந்தாலும் நெஞ்சுப்பட்டைக்குக் கவலை இல்லை.

இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது ஒரு தவறான எண்ணின் வழியாகத்தான். முதன்முதலில் வாங்கிய மணிக்கட்டுக் கருவியோடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது 168 என்று காட்டியது. மூச்சு வாங்கவில்லை, பக்கத்தில் ஓடிய நண்பரிடம் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டிருந்தேன். நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணியபோது 132 வந்தது. கடிகாரமே பதிவு செய்திருந்த அடிவீதத்தைப் பிறகு பார்த்தேன்: நிமிடத்துக்கு 168 அடிகள். பாதம் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் கையில் எழுந்த அதிர்வைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, அதையே விசுவாசமாக எண்ணியிருக்கிறது. ஓடுபவர்கள் பலருக்கும் பழக்கமான பிழை இது. இதில் உள்ள ஆபத்து, காட்டும் எண் நம்பத்தகாததாகத் தோன்றாது என்பதே. 30 என்றோ 250 என்றோ காட்டினால் யாரும் சந்தேகப்படுவார்கள். 168ஐ யார் சந்தேகிப்பார்கள்?

கருவியின் தவறு என்று இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான ஓட்டக்காரர்களின் அடிவீதம் 150க்கும் 180க்கும் இடையில் இருக்கிறது. கடுமையாக ஓடும்போது இதயத் துடிப்பும் அதே எல்லைக்குள்தான் வந்து நிற்கிறது. இரண்டு அலைகளும் ஒரே வேகத்தில் வரும்போது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிப்பது எந்த மென்பொருளுக்கும் கடினம். கருவிக்குள் இருக்கும் அசைவுமானி கையின் அசைவைத் தனியே அளந்து, ஒளியுணரியின் கணக்கிலிருந்து அதைக் கழிக்க முயல்கிறது. புதிய மாதிரிகள் இதைப் பழையவற்றைவிட நன்றாகச் செய்கின்றன என்றாலும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், உடல் இயங்கும்போது ஏற்பட்ட பிழை, ஓய்வில் ஏற்பட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இனி ஒவ்வொரு பயிற்சியாக எடுத்துப் பார்ப்போம். நடைப்பயிற்சி, நிலையான வேகத்தில் நெடுந்தொலைவு ஓடுதல், நிலைமிதிவண்டி ஆகியவற்றுக்கு மணிக்கட்டுக் கருவியே போதும் என்பது என் முடிவு. துடிப்பு மெல்ல ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும். கருவிக்குச் சில வினாடிகள் தாமதம் இருந்தாலும் அதனால் எதுவும் கெட்டுவிடாது. முதல் பத்து நிமிடங்களில் தடுமாறினாலும் உடல் சூடேறித் தோலுக்கு இரத்தம் பாயத் தொடங்கியதும் எண் நிலைத்துவிடும். இந்த வகைப் பயிற்சி மட்டுமே செய்கிறவர் நெஞ்சுப்பட்டைக்காகச் செலவழிக்கத் தேவையில்லை.

இடைவெளிப் பயிற்சி, அதாவது 30 வினாடி முழு வேகத்தில் ஓடி ஒரு நிமிடம் நடந்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி, வேறு கதை. இரைச்சலைக் குறைப்பதற்காக ஒளிமுறைக் கருவிகள் கடைசிச் சில வினாடிகளின் சராசரியையே காட்டுகின்றன. துடிப்பு உச்சத்தை எட்டும் வேளையில் திரையில் இன்னும் பழைய எண்ணே இருக்கும். நீங்கள் நடக்கத் தொடங்கிய பின்பே உச்சம் திரைக்கு வரும். பயிற்சி முடிந்து வரைபடத்தைப் பார்த்தால், கூர்மையான சிகரங்கள் இருக்கவேண்டிய இடத்தில் தேய்ந்த குன்றுகள் நிற்கும். மணிக்கட்டுக் கருவியை மட்டும் வைத்திருப்பவர் இத்தகைய பயிற்சியில் துடிப்பைப் பார்த்து வேகத்தை மாற்றுவதை விட்டுவிட்டு, நேரத்தையோ தொலைவையோ கணக்காகக் கொள்வது நல்லது.

எடைப் பயிற்சியில் நிலைமை இன்னும் மோசம். தண்டால் எடுக்கும்போது மணிக்கட்டு பின்னோக்கி மடங்கிக் கருவியைத் தோலிலிருந்து நெம்பிவிடுகிறது. டம்பெல்லை இறுகப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் புடைத்து நுண்குழாய்களை நசுக்குகின்றன. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் சில பயிற்சிகளில் நேராகக் கருவியின் மேலேயே வந்து சாய்கிறது. நூறைத் தாண்டியிருக்கும் துடிப்பை எழுபது, எண்பது என்று கடிகாரம் சொல்வதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். படகு வலிக்கும் இயந்திரத்திலும் கயிறு ஏறுதலிலும் இதே குறைதான். அதிர்வும் மணிக்கட்டு வளைவும் சேர்ந்துகொள்வதால் சாலையில் ஓட்டும் மிதிவண்டியும் ஏறக்குறைய இந்தப் பட்டியலில்தான் வருகிறது. தவிர, மிதிவண்டிக்காரர்கள் சிலர் பார்ப்பதற்கு வசதியாகக் கடிகாரத்தைக் கைப்பிடியில் மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டிய பின் துடிப்பு வேண்டுமென்றால் உடம்பில் வேறோர் உணரி இருந்தே தீரவேண்டும்.

நீச்சலைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. கருவிக்கும் தோலுக்கும் இடையில் தண்ணீர் புகுந்து ஒளியின் பாதையைக் குலைக்கிறது. நெஞ்சுப்பட்டையும் இங்கே முழு விடை ஆகாது. புளூடூத் அலைகள் தண்ணீரில் சில சென்டிமீட்டருக்கு மேல் செல்வதில்லை. எண்ணைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்து, கரையேறிய பின் கடிகாரத்துக்கோ கைபேசிக்கோ அனுப்பும் பட்டைகள் உண்டு. நீந்துகிறவர் அத்தகையதையே தேடவேண்டும். கடிகாரத்தின் பின்புறம் பொறித்திருக்கும் 50 மீட்டர் என்ற குறிப்பை, அத்தனை ஆழம் மூழ்கலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. அசையாத நீரில் அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தில் சோதிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். மேற்பரப்பில் நீந்துவதற்கு அது போதும். குதித்துப் பாய்வதற்கும் ஆழ மூழ்குவதற்கும் போதாது.

மணிக்கட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே பச்சை விளக்கு உணரியை மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட சதைப் பகுதியில், நெகிழும் பட்டையால் கட்டிக்கொள்ளும் கருவிகள் உண்டு. அந்த இடத்தில் எலும்பு ஆழத்தில் இருக்கிறது, தசைநாண்கள் குறைவு, இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, மணிக்கட்டு எப்படி மடங்கினாலும் மேற்கைத் தோல் அவ்வளவாக அசைவதில்லை. கடிகாரத்தில் திணறும் அதே ஒளிமுறை இடம் மாறியதும் நன்றாக வேலை செய்வதைப் பார்க்கும்போது, குறை முறையில் இருந்ததைவிட மணிக்கட்டு என்ற இடத்தில்தான் அதிகம் இருந்தது என்பது விளங்கும். நெஞ்சுப்பட்டையின் இறுக்கம் பிடிக்காதவர்களுக்கும், உள்ளாடையோடு அது உராய்வதால் புண்படுபவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியைத் துல்லியமாக அளப்பதில் மட்டும் இது நெஞ்சுப்பட்டைக்கு ஈடாகாது. பெரும்பாலானவற்றில் திரை இல்லாததால் கைபேசியோ கடிகாரமோ கூடவே வேண்டும்.

நெஞ்சுப்பட்டைதான் மிகத் துல்லியமானது என்றால் எல்லோரும் ஏன் அதையே வாங்கக்கூடாது என்று கேட்கலாம். நாள்தோறும் கட்டிக்கொள்ளும் பொறுமை பலருக்கு இல்லை என்பதே நேர்மையான பதில். அலமாரியில் தூங்கும் துல்லியமான கருவியைவிடக் கையில் கிடக்கும் சுமாரான கருவி மேல். அதோடு அதற்கும் சில பிடிவாதங்கள் உண்டு. மின்முனைகள் உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்களில் 200க்கு மேல் காட்டும், அல்லது எதையுமே காட்டாது. கட்டுவதற்கு முன் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த காற்றில் செயற்கை இழைச் சட்டை பட்டையின் மேல் படபடத்தால் நிலைமின்சாரம் பொய்த் துடிப்புகளை உண்டாக்கும். பயிற்சி முடிந்ததும் பட்டையை அலசாமல் விட்டால் வியர்வை உப்பு படிந்து மின்முனைகளின் ஆயுள் குறையும். இதயமுடுக்கி பொருத்திக்கொண்டவர்கள் எந்தத் துடிப்பு மானியையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மணிக்கட்டுக் கருவிதான் தேவை என்று முடிவாகிவிட்டால், அதற்குள்ளும் மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய ஃபிட்னஸ் பேண்ட், அறிவிப்புகளும் செயலிகளும் நிறைந்த ஸ்மார்ட் வாட்ச், ஜிபிஎஸ்ஸும் பொத்தான்களும் கொண்ட விளையாட்டுக் கடிகாரம் ஆகியவை அவை. ஃபிட்னஸ் பேண்டை நான் ஏளனமாகப் பார்த்த காலம் உண்டு. எடை குறைவாக இருப்பதால் கை வீசும்போது அது குறைவாகவே ஆடுகிறது. சிறிய மணிக்கட்டில் தோலோடு நன்றாகப் பொருந்துகிறது. ஒருமுறை மின்னேற்றினால் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓடுவதால் இரவிலும் கழற்றத் தேவையில்லை. நடைக்கும் ஓய்வுத் துடிப்பைக் கவனிப்பதற்கும் இதைவிட அதிகமான கருவி வேண்டியதில்லை. தடித்த, கனமான கடிகாரத்தை ஒல்லியான கையில் கட்டிக்கொள்பவர் அதிக விலை கொடுத்து அதிகப் பிழையை வாங்கிக்கொள்ளக்கூடும்.

ஸ்மார்ட் வாட்ச் பெரும்பாலும் ஓரிரு நாளில் மின்னேற்றத்தைக் கேட்கும். உடற்பயிற்சி அதன் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. தொலைபேசி அழைப்பு, செய்தி, பணம் செலுத்துதல் ஆகியவையும் கையிலேயே வேண்டும் என்பவருக்கு அது பொருத்தம். வியர்வை படிந்த விரலால் தொடுதிரையை இயக்குவது எவ்வளவு எரிச்சலானது என்பதைக் கடையில் நிற்கும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஓட்டத்தின் நடுவே சுற்று நேரத்தைக் குறிக்க வேண்டியவர் பொத்தான் உள்ள கருவியையே வாங்கட்டும். விளையாட்டுக் கடிகாரத்தின் முதன்மையான பயன் எனக்குத் தெரிந்தவரையில் அதன் ஒளியுணரியில் இல்லை. வெளியிலிருக்கும் உணரிகளை அது ஏற்றுக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒரே ஒரு தொழில்நுட்பக் குறிப்பைச் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்: புளூடூத் வழியாகவோ, ஏஎன்டி பிளஸ் என்ற மற்றொரு கம்பியில்லா இணைப்பு வழியாகவோ நெஞ்சுப்பட்டையையும் மேற்கைப் பட்டையையும் இணைக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் இன்று மணிக்கட்டோடு தொடங்கி, தேவைப்படும் நாளில் பட்டையை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். மாதச் சந்தா இல்லாமல் எவ்வளவு தகவல் கிடைக்கும், கருவியை மாற்றும்போது பழைய பதிவுகளை எடுத்துச்செல்ல முடியுமா என்பவற்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விளம்பரத்தில் பெரிதாக இடம்பெறும் சில வசதிகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். முதலாவது கலோரிக் கணக்கு. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு அளந்தன. ஆனால் செலவான ஆற்றலைக் கணக்கிடுவதில் அவற்றுள் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதமும், மிக மோசமானது 93 சதவீதமும் தவறின. கடிகாரம் 400 கலோரி எரித்தாய் என்று சொன்னதை நம்பி அந்த 400ஐச் சாப்பிட்டுவிடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. சில கடிகாரங்களில் உள்ள ஈ.சி.ஜி. வசதி உண்மையிலேயே பயனுள்ளதுதான். எனினும் அது அசையாமல் உட்கார்ந்து 30 வினாடி எடுப்பது. சீரற்ற துடிப்பைச் சுட்டிக்காட்ட அதனால் முடியும். மாரடைப்பைக் கண்டறிய முடியாது. பயிற்சித் துடிப்பின் துல்லியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அணியும் முறையால் கிடைக்கும் முன்னேற்றம், ஒரு மாதிரியிலிருந்து அடுத்த மாதிரிக்கு மாறுவதால் கிடைப்பதைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல், அதிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒன்றிரண்டு விரற்கடை தள்ளிக் கட்ட வேண்டும். அங்கே சதை கூடுதல். மணிக்கட்டு மடங்குவதும் கருவியை எட்டாது. கையை உதறினால் கருவி நகரக்கூடாது. அதே சமயம் விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் இரத்த ஓட்டமே தடைபட்டு அளவீடு கெடும். பயிற்சிக்கு முன் ஒரு துளை இறுக்கி, முடிந்ததும் ஒரு துளை தளர்த்திக்கொள்வது நல்ல வழக்கம். அதிகம் பயன்படுத்தாத கையில் கட்டினால் அசைவும் குறையும். குளிர்ந்த காற்றில் தோலடிக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், ஐந்து பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிய பிறகு காட்டும் எண்ணையே பொருட்படுத்த வேண்டும். உணரியின் கண்ணாடியில் படியும் வியர்வையையும் களிம்பையும் துடைக்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஈரம் தங்கித் தோல் சிவந்தால் இரண்டு நாள் கையை மாற்றிக் கட்டலாம்.

பச்சை குத்திய இடத்தின் மேல் கருவியைக் கட்டினால் மை ஒளியை மறித்துவிடும். கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கருமையான தோலில் அதற்கு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் அளவீடு பாதிக்கப்படுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. மேலே சொன்ன டியூக் ஆய்வு தோல் நிறங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. வேறுபாடு இருப்பதாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. ஆகவே கருவி தன் தோலில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே சோதித்துக்கொள்வதே பாதுகாப்பு.

பயிற்சி முறையைத் தொடங்கும் பொத்தானை அழுத்த மறக்கக்கூடாது. மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பல கருவிகள் சாதாரண நேரத்தில் விட்டுவிட்டே துடிப்பை அளக்கின்றன. பயிற்சி முறையில்தான் இடைவிடாமல் அளக்கும்.

துல்லியமான எண் கிடைத்த பிறகும் அதை எந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறோம் என்ற சிக்கல் இருக்கிறது. என் பார்வையில் கருவியின் பிழையைவிடப் பெரிய பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடிகாரங்கள் பலவும் 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைத் தாமாகவே நிர்ணயித்துக்கொள்கின்றன. 2001இல் ஆய்வாளர் தனாகாவும் அவருடைய குழுவினரும் தந்த வேறொரு சூத்திரம், வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். 60 வயதில் முதலாவது 160 என்றும் இரண்டாவது 166 என்றும் சொல்லும். எதை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு கூட்டத்தின் சராசரிதான். தனி ஒருவரின் உண்மையான உச்சம் அதிலிருந்து பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருப்பது மிகச் சாதாரணம். மூன்று துடிப்புப் பிழையைத் தவிர்ப்பதற்காக நெஞ்சுப்பட்டை வாங்கிவிட்டு, பத்துத் துடிப்புப் பிழையுள்ள சூத்திரத்தை அப்படியே விட்டுவைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

பயிற்சியின் கடுமையைக் கடிகாரங்கள் உச்சத் துடிப்பின் விழுக்காடுகளாக, மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. அந்த விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். உச்சத் துடிப்பு 180, ஓய்வுத் துடிப்பு 60 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உச்சத்தில் 60 சதவீதம் என்றால் 108. உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள 120 துடிப்பில் 60 சதவீதத்தை எடுத்து ஓய்வுத் துடிப்போடு கூட்டும் கார்வோனன் முறையில் அதே 60 சதவீதம் 132 ஆகிவிடுகிறது. ஒன்று நிதானமான நடை, மற்றொன்று மெல்லோட்டம். ஆகவே அமைப்புகளுக்குள் சென்று கருவி எந்த முறையைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து, ஓய்வுத் துடிப்பையும், தெரிந்தால் உண்மையான உச்சத்தையும் கையால் உள்ளிட்டுவிட வேண்டும். உச்சத்தைக் கண்டறியத் தானாகவே முழு மூச்சாக ஓடிப் பார்ப்பது இதய நோய் உள்ளவருக்கும் நெடுநாள் பயிற்சியில்லாதவருக்கும் தகாது. அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் செய்யும் டிரெட்மில் சோதனையையே நாட வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் துடிப்பு ஏறுவதையே மட்டுப்படுத்தும். அவற்றை உட்கொள்பவர் கடிகாரம் சொல்லும் துடிப்பு மண்டலத்தை எட்டுவதற்காக மேன்மேலும் வருத்திக்கொள்வது ஆபத்தானது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோல், அதாவது தனக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று தானே மதிப்பிட்டுக்கொள்ளும் முறை, அவர்களுக்குக் கருவியைவிடப் பொருத்தம். மற்றவர்களுக்கும் பேச்சு ஓர் எளிய சோதனை: வாக்கியத்தை முடிக்க முடிகிறது என்றால் மிதமான உழைப்பு, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது என்றால் கடும் உழைப்பு. வெப்பத்திலும் நீர்ச்சத்து குறைந்த நிலையிலும் அதே வேகத்துக்கே துடிப்பு கூடிக்கொண்டு போகும் என்பதால், அந்த நாட்களில் எண்ணைவிட இந்த உணர்வே நல்ல வழிகாட்டி. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

வாங்கிய முதல் இரண்டு வாரங்களில், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள், விரலால் எண்ணிச் சரிபார்ப்பது அவசியம். பயிற்சியை நிறுத்திய உடனே கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மெதுவாக விரல் வைத்து 15 வினாடிகள் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நின்றதும் துடிப்பு வேகமாக இறங்குவதால் ஒரு நிமிடம் முழுதும் எண்ணுவது பயன்படாது. இந்த முறையில் ஒரு துடிப்பு தவறினாலும் நான்கு துடிப்பு வித்தியாசம் வரும் என்பதால், ஐந்தாறு துடிப்பு வேறுபாட்டுக்குக் கருவியைக் குறை சொல்லக்கூடாது; இருபது முப்பது வேறுபட்டால் கட்டிய விதத்தையும் இடத்தையும் மாற்றிப் பார்த்து, அப்போதும் திருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நீங்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சிகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். நடையில் தேறிய கருவி எடைப் பயிற்சியில் தேறும் என்று எண்ணிவிட முடியாது.

மணிக்கட்டுக் கருவியின் மிக நல்ல அளவீடு, கை ஒன்றும் செய்யாமல் கிடக்கும் தூக்கத்தில்தான் கிடைக்கிறது என்பது ஒரு வேடிக்கை. பயிற்சிக்கென்று வாங்கிய கருவி பயிற்சியில்லாத நேரத்தில்தான் தன் திறமையைக் காட்டுகிறது. இரவில் பதிவாகும் ஓய்வுத் துடிப்பு வாரக்கணக்கில் மெல்ல இறங்கிவந்தால் உடல் தேறிவருகிறது என்று கொள்ளலாம்; ஒரே இரவில் வழக்கத்தைவிடப் பல துடிப்பு கூடியிருந்தால் காய்ச்சலோ களைப்போ தூக்கக் குறைவோ இருக்கக்கூடும் என்று அன்றைய பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்காகவே நான் இன்றும் மெல்லிய பேண்ட் ஒன்றைக் கழற்றாமல் அணிந்திருக்கிறேன். நடக்கும் நாட்களிலும் நெடுந்தொலைவு ஓடும் நாட்களிலும் அதுவே போதுமாக இருக்கிறது. எடைப் பயிற்சிக்கும் மிதிவண்டிக்கும் மேற்கைப் பட்டையைக் கட்டிக்கொள்கிறேன். இடைவெளிப் பயிற்சி செய்யும் வியாழக்கிழமைகளில் மட்டும் நெஞ்சுப்பட்டையை எடுத்து நனைத்துக் கட்டுகிறேன்.